வலப்பக்கம் இன்னொரு சிலிண்டர்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஆழ்நீச்சல் கழகத் தலைவர் அரவிந்தன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஜெயராமன் ஐயா அவர்களே, திருமுல்லைவாயில் தெருக்காரர்களே, நீச்சல் குளத்திலிருந்து ஈரத் தலையோடு நேராக வந்திருக்கும் தோழர்களே, எல்லோருக்கும் செயலாளர் ஹேமாவதியின் வணக்கம்.

எங்கள் உபகரணப் பொறுப்பாளர், ஆழ்நீச்சல் வீராங்கனை வரலட்சுமி அம்மையார், ஒரு நாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர், தூக்கத்திலேயே போய்விட்டார். அதற்கு முந்தின ஞாயிறுகூடக் கடலுக்குள் இருந்தார். அறுபதைத் தாண்டியும் அப்படி வாழ்ந்தவரை அழுத முகத்தோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நான் சிரித்தால் தவறாக நினைக்காதீர்கள், நீங்களும் சிரிக்கலாம்.

அம்பத்தூரில் ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் கடலுக்கு அடியில் போனார். முதுகில் ஒரு காற்று சிலிண்டர் எல்லோருக்கும் உண்டு. அது கோளாறானால்? அதற்காக உடம்பின் இடப்பக்கம் தொங்கவிடுவதுதான் ஸ்பேர் சிலிண்டர். அதன் கழுத்தில் ஒரு கொக்கி, சிலிண்டரின் நடுவில் பட்டை இறுக்கி இன்னொரு கொக்கி. இரண்டையும் கயிற்றில்தான் கட்டுவார் அம்மா. கொக்கி சிக்கிக்கொண்டால் கயிற்றைக் கத்தியால் அறுக்கலாம். கம்பியை அறுக்க முடியுமா? மூச்சுக் குழாயை சைக்கிள் டியூப் வளையத்தில் செருகி வைப்பார். இழுத்தால் நேராக வாய்க்கு வரும்.

அவர் சிலிண்டரைத் தூக்கி வருவதைப் பார்த்து அடுக்ககத்துக் காவலாளி, "இன்னாம்மா, ஊட்டுக்குப் புது கேஸா?" என்று கேட்டாராம். "வெறும் காத்துப்பா. வெச்சு சோறாக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் படியேறினாராம்.

அம்மாவின் கணவர் ஜெயராமன் ஐயாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். "நான் ஒரு தபா வந்து பாக்குறேன். அப்பால வேணாம்னா வேணாம்தான்" என்று ஒரு ஞாயிறு எங்கள் படகில் ஏறினார். கரை மறைவதற்குள் வாந்தி. அந்த நிலையில் அவரைப் படகோட்டியிடம் விட்டுவிட்டு நாங்கள் இறங்கினோம்.

அடியில், பூந்தமல்லியிலிருந்து வரும் நம் மென்பொருள் பொறியாளர் கிரணின் சிலிண்டரில் காற்றை அடைத்து வைக்கும் ரப்பர் வளையம் வெடித்தது. காற்றெல்லாம் குமிழியாகக் கொட்டியது. பதறி அவர் மேலே பாயப் பார்த்தார். அந்த ஆழத்திலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு பாய்ந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். அவர் தோளைப் பிடித்து நிறுத்தியது யார்? தன் ஸ்பேரின் குழாயை உருவி அவர் வாயில் வைத்தது யார்? இரண்டு கொக்கியையும் கழற்றி, அந்த சிலிண்டரை அப்படியே கிரண் உடம்பில் மாட்டிவிட்டது யார்? நம் வரலட்சுமி அம்மையார். அம்மா, கிரண், நான் மூவரும் நிதானமாக, உடம்பு பழகுவதற்காக நிற்க வேண்டிய ஆழத்தில் நின்று மேலே வந்தோம். அன்று கைக்குழந்தையாக இருந்த கிரணின் மகள்தான் இப்போது இந்தக் கூடத்தில் நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கிறாள். ஓடட்டும், யாரும் அதட்டாதீர்கள்.

படகில் எல்லாவற்றையும் கேட்டார் ஐயா. இனி இவர் அம்மாவை அனுப்பப் போவதில்லை என்றுதான் நினைத்தேன். அவரோ மனைவியின் வெறும் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னுத அவனாண்ட குடுத்துட்ட. அப்போ உனக்கு ஒண்ணு ஆனா யாரு குடுப்பா?"

ஐயா அம்மாவின் வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"வலப்பக்கம் சும்மாதானே கீது? அங்க இன்னொண்ணு கட்டு."

அந்த இரண்டாவது சிலிண்டருக்குப் பட்டையைத் தன் கையால் இறுக்கியவர் ஐயா. அதன் பிறகு அம்மா இரு பக்கமும் சிலிண்டரோடுதான் இறங்கினார். "கல்யாணத்துக்குக்கூட நான் இவ்ளோ மாட்டிக்கினது இல்ல" என்று சிரிப்பார்.

தோழர்களே, நாம் என்ன செய்யப் போகிறோம்? ஸ்பேர் இல்லாமல் நம் கழகத்தில் இனி ஒருவரும் கடலில் இறங்க மாட்டோம். அவர் கட்டிய முறையிலேயே கட்டுவோம். ஒருவர் கட்டியதை இன்னொருவர் இழுத்துப் பார்ப்போம். இது வரலட்சுமி அம்மையாருக்கு நாம் தரும் வாக்கு.

நேற்று காரியம் முடிந்ததும் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, இந்த வயசுல எனக்கு நீச்சல் வருமா? அவ கீழ போயி இன்னாத்த பாத்தான்னு நானும் பாக்கணும்."

வரும் ஐயா. நாளைக் காலை ஆவடியில் நம் குளத்துக்கு வாருங்கள். உங்களை முதலில் மிதக்க வைக்கப் போகிறவர் கிரண். ஒரு துண்டு மட்டும் எடுத்து வந்தால் போதும்.