பெரியம்மாவுக்கு மார்க்கரில் ஒரு சட்டை

சவூதியில், ஜுபைல் கேம்ப்பிலிருந்து காலை டூட்டிக்குப் போகும் பஸ். லீவு முடிந்து வந்திருந்த ஒருவர், பக்கத்தில் இருந்த மூத்தவரிடம் மெதுவாகச் சொன்னார்.

“எங்க பெரியம்மாவுக்கு ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்காரன் மார்க்கரால சட்டை போட்டுட்டான்ணே.”

“என்னப்பா சொல்ற?”

“படத்துலண்ணே. ரெண்டாம் உலக யுத்தம் நடந்தப்ப சினிமால டான்ஸ் ஆடுனவங்க. நாலஞ்சு படந்தான். அப்புறம் காலண்டருக்கு போஸ் குடுத்தாங்க. பர்மா போன பட்டாளத்துக்காரங்க அதைப் பெட்டி மூடிக்குள்ள ஒட்டி வச்சிருந்தாங்களாம்.”

“அதைப் போயி இங்கயா கொண்டாருவ?”

“கல்யாணம் ஆனதும் பெரியப்பா எல்லாப் படத்தையும் எரிச்சிட்டாரு. இது ஒண்ணுதான் மிச்சம். ‘எனக்கப்புறம் இதையும் எரிச்சிருவாங்க, நீ வெளிநாட்டுக்குக் கொண்டுபோயிரு, அங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க’ன்னு குடுத்து விட்டாங்க.”

மூத்தவர் சிரிக்கவில்லை. “எங்கெங்க பூசியிருக்கான்?”

“கை, காலு, இடுப்பு. முகத்தை விட்டுட்டான்.”

“அவங்ககிட்ட சொன்னியா?”

“நேத்து போன்ல சொன்னேன். எங்கெங்கன்னு கேட்டாங்க. அப்புறம், ‘முகத்தை விட்டுட்டானா? உங்க பெரியப்பா முகத்துலதான்டா முதல்ல தீ வச்சாரு’ன்னாங்க.”