கரண்ட் நின்ற பிறகும்

"துருப்புடிக்கக் கூடாதுன்னு பூசுன பூச்சுதான் கண்ணு, அந்தத் தகட்டையே வெடிக்க வெக்குது."

செம்மேட்டிலிருந்து இறங்கும் பேருந்தில், முன்சீட்டுக்காரர் மனைவியிடம் இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. கார் கம்பெனியில் ஸ்பாட் வெல்டிங் பார்க்கிறவர் போலும். அந்த அம்மாள் மடியில் மலைவாழைச் சீப்பு.

"அதெப்படிங்க மாமா?"

"ரெண்டு தகட்டை ஒட்ட வெக்க அமுக்கிப் புடிச்சு கரண்ட் விடுறோமில்ல, மேல பூசுன துத்தநாகந்தான் மொதல்ல உருகும். சூட்டோட அந்த அமுக்குன புடியை உட்டா தகடு இழுபடும். உருகுன துத்தநாகம் உள்ள பூந்து மயிராட்டம் விரிசல் உட்டுரும்."

"எல்லா இரும்புலயுமா?"

"சாதா இரும்பு கொஞ்சம் வளைஞ்சு குடுத்துரும். இப்ப வர்ற உறுதியான இரும்புலதான் இந்தத் தொல்லை."

"அதுக்கு வழியே இல்லீங்களா?"

"இருக்குது. கரண்ட் நின்ன பொறவும் கொஞ்சம் ஆறுற வரைக்கும் புடியை உடக்கூடாது. விரிசல் கொறையும். ஆனா வேலை தாமசமாகுதுன்னு சூப்பர்வைசர் அந்த நேரத்தைத்தான் வெட்டிட்டாரு. நாளைக்கு மீட்டிங். நான் ஒருத்தன் சொன்னாக் கேப்பாங்களான்னு தெரியல."

கொண்டை ஊசி வளைவில் பேருந்து சாய்ந்தது. அந்த அம்மாள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பேருந்து நிமிர்ந்தது.

"வளைவு தாண்டிருச்சு கண்ணு, கையை உடு."

"இருக்கட்டுங்க. நாளைக்கு நீங்களும் இப்படித்தான் உடாம புடிக்கோணும்."