கொழுந்தும் ஆமெனும்

டக்ளஸ் உபதேசியார் வீடா? இந்த வழிதான், கீழ எறங்கணும். ஆனா இப்பப் போகாதீங்க. போனா நல்ல கதிரையில ஒக்கார வைப்பாங்க, அந்தக் கதிரைக்கி நேர் மேலதான் தண்ணி பைப்பு வளையுது. கொஞ்சம் இந்தக் கல்லுல ஒக்காருங்க. நான் வால்வப் பாத்து முடிச்சிட்டேன்னா நீங்க பயமில்லாம போகலாம்.

பொண்ணு பாக்கத்தானே வந்தீங்க? எப்புடித் தெரியுமா? வத்தேகமயில இருந்து இவ்வளவு தூரம் மலையேறி, இஸ்திரி போட்ட வெள்ளச் சட்டையோட வேற எதுக்கு ஆளு வரும்? தனியாவா வந்தீங்க? ஓ, மாமா த்ரீவீல்லயே இருக்காரா. முட்டி வலியா, பாவம். இருக்கட்டும் இருக்கட்டும்.

நெலமையச் சொல்லாம ஒங்கள அனுப்பினா எனக்குப் பாவம். அந்தப் பொண்ணு தினுஷா ஒரு கண்டிஷன் போட்டிருக்கு. கட்டிக்கிறவரு இங்கயே வந்து குடியிருக்கணும், இந்த வால்வையும் பாக்கத் தெரியணும். ஏன்னா, அவ மலைய விட்டுப் போயிட்டா வால்வு திரும்ப அவ அப்பா, அந்த உபதேசியார் கையிக்கிப் போயிரும். அதுக்கப்புறம் லயத்து வரிசையில ஒரு வீட்டுலயும் பைப்பு மிஞ்சாது.

சிரிக்கிறீங்க. இது ஓடையில எடுக்குற தண்ணிங்க, மணலோட வரும். வேகமா போனா அந்த மணல் பைப்ப உள்ளுக்குள்ளயே அரம் போட்ட மாதிரி ராவித் தள்ளிரும், அதுவும் வளையிற எடத்துல. ரொம்ப மெதுவா போனாலும் வம்பு. மணல் பைப்புக்குள்ளயே படுத்துக்கும், எழுப்ப ஏலாது. அதனால ஒரு இஞ்சினியர் வந்து, மெஷின வச்சி அளந்து, இவ்வளவு வேகந்தான் வைக்கணும்னு சொன்னாரு. சொல்லிட்டு மெஷினையும் கையோட கொண்டு போயிட்டாரு! நம்மகிட்ட என்னா இருக்கு? தண்ணி ஓடி வர்ற இந்தக் காணு இருக்கு, தேயிலக் கொழுந்து இருக்கு, வாய் இருக்கு. காணோட இந்த முனையில கொழுந்தப் போட்டுட்டு, அருள் நிறைந்த மரியே சொல்லணும். ஆமென் சொல்லவும் கொழுந்து அங்க பைப்பு வாயில கட்டியிருக்குற வலையில போயி முட்டவும் சரியா இருக்கணும். முந்தி முட்டினா வேகம் கூட, வால்வ மூடணும். பிந்தி முட்டினா கொற, தெறக்கணும். இஞ்சினியரே பாத்துட்டு, சரிதான்னு தலையாட்டிட்டுப் போனாரு.

எல்லாம் சரி, செபத்த யாரு வாயால சொல்றதுன்னு தண்ணிச் சங்கத்துல ஒருத்தரும் யோசிக்கல. கோயில்ல செபம் நடத்துற உபதேசியார்தானே, அவருக்குத் தெரியாத செபமான்னு டக்ளஸ்கிட்ட குடுத்துட்டாங்க. அவரு செபமால சொல்லி நீங்க கேட்டதில்லியே? சனம் கடைசி பஸ்ஸப் புடிக்கணுமேன்னு வெரட்டி வெரட்டிப் பழகின வாயி. அருள்னு தொடங்குறது காதுல விழும், அடுத்தது ஆமென்தான். கொழுந்து அப்பத்தான் தண்ணியத் தொட்டிருக்கும். ஐயோ, தண்ணி ஓடவே மாட்டேங்குதேன்னு வால்வத் தெறப்பாரு. மறுபடி செபம், மறுபடி தெறப்பாரு.

அப்புடித் தெறந்த அன்னைக்கித்தான் பிலிமத்தலாவையில இருந்து ரொனின்னு ஒரு மாப்பிள்ள அம்மாவோட வந்தாரு. அந்தம்மாவ நல்ல கதிரையில ஒக்கார வச்சாங்க. மனுசி கேக்குத் துண்ட எடுத்து வாயில வைக்குது, மேல பைப்பு வளையிற எல்போ வெடிச்சிருச்சி! பட்டுச் சேல, கொண்ட, கேக்கு, எல்லாம் மணல். உபதேசியாரு என்னா செஞ்சாருங்கிறீங்க? கொடைய விரிச்சி மரியாதையா அந்தம்மாகிட்ட நீட்டினாரு. வீட்டுக்குள்ள! போனவங்க போனவங்கதான். அன்னையோட வால்வு மக கையிக்கி வந்திருச்சி.

நானா? நானும் அந்த வீட்டுல பொழங்குறவதான். அன்னைக்கி சிரிப்ப அடக்கப் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும்.

அடுத்து கெலிஓயாக்காரரு ஒருத்தரு. கோயில் பாட்டுக் கோஷ்டியில இருக்காராம். வால்வப் பாக்கச் சொன்னா, ஒவ்வொரு சொல்லையும் ராகம் போட்டு இழுக்குறாரு. கொழுந்து வலையில முட்டி, சலிச்சிப் போயி நிக்குது, மனுசன் இன்னும் பாதிகூட வரல. வேகம் கூடன்னு மூடினாரு, மூடினாரு, கடைசியில லயத்துக்குச் சொட்டுத் தண்ணி இல்ல. கலாராணி அக்கா தல பூரா சவுக்கார நுரையோட, ஒரு கண்ண மட்டும் தெறந்துக்கிட்டு, வாளியோட மலையேறி வந்திருச்சி. அக்கா பேசின பேச்சுல அவரும் எறங்கிட்டாரு.

ஒங்க வாயி எப்புடி? அட, வெக்கப்படாதீங்க. மாமாதான் கீழ இருக்காரே. இந்தாங்க கொழுந்து. குனிஞ்சி போடுங்க. ம், சொல்லுங்க, வீட்டுல சொல்ற மாதிரியே சொல்லுங்க.

ம்... ம்...

அட! முட்டிருச்சி! ஆமெனும் கொழுந்தும் ஒன்னா! இருங்க, தற்செயலா இருக்கும். இன்னொரு கொழுந்து. சொல்லுங்க.

மறுபடியும்! மத்தவங்க எறங்கிப் போனப்ப சிரிச்சேன். நீங்க போயிருந்தா சிரிச்சிருக்க மாட்டேன்.

சரி, போயி மாமாவக் கூட்டிக்கிட்டு முன்வழியா வாங்க. நல்ல கதிரையிலயே ஒக்கார வைங்க, இன்னைக்கி ஒன்னும் ஆகாது. நான் பின்வழியா ஓடணும். இந்தச் சேத்துக் காலோட பாத்தா அம்மா வைவாங்க, சேல வேற கட்டணும். என்னா முழிக்கிறீங்க? இவ்வளவு நேரம் பேசினேன், ஒரு தடவையாவது அண்ணேன்னு கூப்புட்டேனா?

ஆங், தேத்தண்ணிக்கி சீனி கூடவா கொறையவா? இப்பவே சொல்லிருங்க. அங்க வந்தா நான் வாயே தெறக்க மாட்டேன்.