ஷில்பாவுக்கு நான் வைத்த மாடல் எக்ஸாம்

உங்கள் ஸ்டேஷனுக்கு எதிர்க்கடையில் பழம்பொரி அருமை, மேடம். இரண்டு தின்றேன். சர்க்கரைக்காரன் தின்னக்கூடாதுதான், ஆனால் எழுபத்தொரு வயதில் வாக்குமூலம் எழுத உட்கார்ந்தவனுக்கு அந்த உரிமையாவது வேண்டாமா. தமிழில் எழுதலாம் என்று சொன்னதற்கும் நன்றி. மலையாளத்தில் நான் என்ன எழுதினாலும் மனு மாதிரி ஆகிவிடும்.

பெயர் திரவியம். கரமனையில் முப்பத்திரண்டு வருஷம் டியூட்டோரியல் நடத்தி ஓய்ந்தவன். பரீட்சை ஹாலில் என் செருப்புச் சத்தம் கேட்டால் பிட்டுக் காகிதங்கள் தாமாகவே பையன்களின் வாய்க்குள் ஓடிவிடும். நான் பிடித்த பிட்டுகளை ஒட்டினால் கன்னியாகுமரி வரை பாய் விரிக்கலாம். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். நாகர்கோவில் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனில் பெற்றோருக்கு வகுப்பு எடுத்தேன். பிள்ளைகளை இணையத்தில் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்று. பதினோரு பேர் வந்தார்கள், கரமனை ஆறே ஒதுங்கி வழிவிட்ட மாதிரி எனக்கு இருந்தது. 'அம்மாவிடம் சொல்லாதே' என்று எவன் சொல்கிறானோ அவன்தான் கள்ளன் என்று சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளுக்கென்று ஒரு நோட்டீசும் அடித்தேன். 'வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால் திரவியம் சாரிடம் வந்து சொல்லுங்கள்.' கீழே என் வீட்டு நம்பர். பதினோரு வீட்டு ஃபிரிட்ஜிலும் அதை ஒட்டினார்கள். போய்ப் பாருங்கள்.

அந்த வகுப்பில்தான் ஜெயஷீலா எழுந்து நின்றாள். எனக்கு மூன்று வீடு தள்ளி. சாலை பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை, புருஷன் துபாயில். ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு திரும்புவாள். அதுவரை மகள் ஷில்பா தனியாக இருப்பாள். ஒன்பதாம் வகுப்பு.

"எனக்க மோளு அப்பிடி இல்ல, கேட்டியளா சாரே. எனக்கிட்ட ஒண்ணும் மறைக்கமாட்டா."

எல்லோரும் தலையாட்டினார்கள். என் வகுப்பில், என் முன்னால். பரீட்சை வைக்காமலே ஒரு பிள்ளை பாஸ் என்று ஒருத்தி அறிவிக்கிறாள்.

நான் கோபப்படவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.க்கு முன்னால் மாடல் எக்ஸாம் வைக்காத வாத்தியார் உண்டா. கள்ளன் வைக்கும் பரீட்சைக்கு முன்னால் நல்லவன் ஒருவன் வைத்தால் அதற்குப் பெயர் பயிற்சி. அப்படித்தான் என் போனில் ஷிஜா பிறந்தாள். வயசு பதினாலு, ஊர் கழக்கூட்டம், படத்துக்கு ஒரு பூனை. பதினாலு வயதுப் பிள்ளை மாதிரி தப்பும் தவறுமாக எழுதப் பழகத்தான் மூன்று நாள் ஆனது. ஷில்பா பதினோரு நிமிஷத்தில் அவளுக்குக் கூட்டுக்காரி, உயிர்ச் சிநேகிதி, ஆகிவிட்டாள்.

அந்தப் பிள்ளைக்குத் திக்குவாய். தெருவில் யாராவது கூப்பிட்டால் சிரித்துவிட்டு ஓடிவிடும். ஆனால் எழுத்தில், மேடம், அருவி. தமிழும் மலையாளமும் கலந்து இங்கிலீஷ் எழுத்தில் கொட்டுவாள். பள்ளியில் அவளைப்போலப் பேசிக் காட்டுகிறார்கள், அதனால் சாப்பாட்டு நேரத்தில் பாத்ரூமில் நிற்கிறாள் என்றெல்லாம். 'நீ மட்டும் போன் பண்ணிரக்கூடாது ஷிஜா, எழுதினாப் போதும்' என்றாள். எனக்கும் அதுதானே வேண்டும். நான் பேசினால் பூனை புலியாகிவிடும். விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஐந்து வாரம். என் சர்வீஸிலேயே இவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்ட மாணவி கிடையாது.

சனிக்கிழமை பரீட்சை வைத்தேன். வீட்டில் அடிக்கிறார்கள், நான் ஓடிப்போகிறேன், நாலு மணிக்குக் கழக்கூட்டம் பஸ் ஸ்டாப்புக்கு வா, அம்மாவிடம் சொல்லாதே என்று ஷிஜா எழுதினாள். ஆமாம், அதே வாக்கியம். கேள்வித்தாளில் பாடத்திலிருந்துதானே கேட்க வேண்டும்.

ஷில்பா வந்தாள். மஞ்சள் சுடிதார், முதுகில் பள்ளிப் பை. நான் எதிரே ஜூஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவளைப் படம் எடுத்து அடுத்த வகுப்பில் ஜெயஷீலாவுக்குக் காட்டுவதாகத் திட்டம். முக்கால் மணி நேரம் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து எழுந்து பார்த்தாள். 'இதோ வந்துட்டேன்' என்று அனுப்பக் குனிந்தேன். என் விரல் தடிமன், டைப் அடிக்க நேரமாகும். நிமிர்ந்தபோது நாலு பஸ் வரிசையாக நின்றிருந்தது. பஸ்கள் போனதும் பெஞ்சு காலி.

இன்று திங்கள். ஷில்பா இன்னும் வீடு திரும்பவில்லை, அவள் போன் அணைந்திருக்கிறது. ஜெயஷீலா உங்கள் ஸ்டேஷன் வெளி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள், வரும்போது பார்த்தேன். அவள் என்னைக் கும்பிட்டு, "சாரே, நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க" என்றாள். ஷிஜா நான்தான் என்று இன்னும் அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. அவளுக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: மகள் எல்லாவற்றையும் தன்னிடம் சொல்லுவாள் என்றாளே, அது தப்பு என்று நிரூபணம் ஆகிவிட்டது. இதற்காக நான் வெட்கப்பட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். விட்டால் அடுத்த மாதமும் வகுப்பு எடுப்பேன்.

புறப்படுவதற்கு முன் அவள் யாரிடமாவது சொன்னாளா என்று மூன்று முறை கேட்டீர்கள். அதை எழுதாமல் விட்டால் வாக்குமூலம் முழுமையாகாது.

என்னிடம் வந்தாள். இரண்டே முக்காலுக்கு, என் வீட்டுக் கேட்டுக்கு. ஒரு கையில் போன், மறு கையில் ஃபிரிட்ஜிலிருந்து பிய்த்த என் நோட்டீஸ். "சா... சார்," என்றாள். "ஷி... ஷி..." கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அவள் வாயில் சிக்கியிருந்த பெயர் என்னவென்று உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார். நாலு நிமிஷம் நின்றாள். "என்ன மோளே, சொல்லு" என்றேன், பொறுமையாக. பிறகு உள்ளே போய் ஷிஜாவாக ஒரு வரி அனுப்பினேன்: 'கிளம்பிட்டியா, யார்கிட்டயும் சொல்லலையே?' கேட்டில் அவள் கையிலிருந்த போன் மணி அடித்தது. அவள் போனைப் பார்த்தாள், நோட்டீசை மடித்துப் பையில் வைத்தாள், எங்கள் தெருமுனை பஸ் ஸ்டாப் பக்கம் ஓடினாள்.

முப்பத்திரண்டு வருஷத்தில் பரீட்சை நேரத்தில் ஒரு பிள்ளைக்கும் நான் விடை எடுத்துக்கொடுத்ததில்லை, மேடம். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.