நாலாம் நம்பர் பொணம்

— கண்ணை மூடு தம்பி. செத்தவன் இப்படியா முழிச்சு முழிச்சுப் பார்ப்பான்?

— மூக்குல ஈ உட்காருதுக்கா.

— உட்காரட்டும். அப்பத்தான் பொணம்னு நம்புவாங்க. முப்பத்தெட்டு படத்துல செத்திருக்கேன், ஒரு ஈயைக்கூட விரட்டினதில்ல. தொழில் சுத்தம்!

— எனக்கு இதுவா தொழில்? நான் டிரைவர்க்கா. வாடகைக்கு பஸ்ஸைக் கொண்டு வந்தேன். ஒரு பொணம் குறையுதுன்னு என்னையும் சாச்சுட்டாங்க.

— கொடுத்து வெச்சவன்! முதல் படத்துலயே முன் சீட்டு. எனக்குப் போர்வையைப் போர்த்தி, கால் கட்டைவிரலை மட்டும் காட்டினாங்க. என் பொண்ணு விரலைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டா. “ஏம்மா, நீ உயிரோட வர்ற படம் ஒண்ணுகூட இல்லையா?”ன்னு கேட்டா பாரு...

— அடடா.

— இன்னைக்கு அதுக்கும் வழி பிறந்திருக்கு. இந்தப் படத்துல மலையில மாட்டிக்கிட்ட பயணிங்க பன்னெண்டு பேரையும் ஏதோ ஒண்ணு அடிச்சுக் கொல்லுதுல்ல? தப்பிச்சு வர்ற ஹீரோயினுக்குக் கடைசியில ஒரு கடைக்காரம்மா தண்ணி கொடுப்பா. இந்த ஷாட்டுல அசையாமப் படுத்திருந்தா அந்த வேஷம் எனக்குத்தான்னு டைரக்டர் வாக்குக் கொடுத்திருக்காரு.

— இதே படத்துலதானே செத்துக் கிடக்கறீங்க?

— மூஞ்சி முழுக்க ரத்தம் பூசியாச்சு. எவனுக்கு அடையாளம் தெரியப்போகுது?

— ஹலோ, ஹலோ! அசிஸ்டென்ட் டைரக்டர் பேசறேன்! பஸ்ஸுக்குள்ள இருக்கற பொணம் ரெண்டும் வாயை மூடுங்க! கேமரா ஓடுது! நாலாம் நம்பர் அம்மா, உதடு ஆடுது!

— மைக் கிடைச்சா போதுமே இவனுக்கு. உதட்டை அசைக்காமப் பேசு தம்பி.

— அக்கா... வண்டி நகருது.

— கேமராதான் நகரும். உனக்குப் பிரமை.

— இருபது வருஷமா இதே சீட்டு, என் முதுகுக்குத் தெரியாதா? பின் சக்கரத்துக்குப் பெரிய கல்லா அண்டை கொடுத்திருந்தேனே!

— அந்த வெள்ளைக் கல்லா? கேமராவுல கண்ணை உறுத்துதுன்னு, மைக்குல கத்தறானே அந்த மைக்காரன், அவன் எடுத்துப் போட்டுட்டானே.

— அடப்பாவி! இந்த வண்டிக்கு பிரேக்கே கிடையாதுக்கா!

— என்னய்யா சொல்றே?

— பிரேக் பிடிக்கற வண்டியை எவனாவது பேய்ப் படத்துக்கு விடுவானா?

— பின்னாடி என்ன இருக்கு?

— பள்ளம். அழகா இருக்குன்னு சொல்லித்தானே இந்த இடத்தையே பிடிச்சாங்க!

— நான் எழுந்தா கடைக்காரம்மா போயிடுவாளே தம்பி...

— எழுந்திருக்கலேன்னா நீங்களே போயிடுவீங்க!

— ஹலோ, ரெண்டாம் நம்பர் டிரைவர், தலை ஆடுது! எல்லாரும் அப்படியே செத்துக் கிடங்க!

— டேய் மைக்காரா, நாசமாப் போக! தம்பி, கதவைத் திற!

— செட்டுக்காக ஆணி அடிச்சிருக்காங்கக்கா! ஜன்னல்! அது சினிமாக் கண்ணாடி, ஊதினாலே உடையும்!

— ஐயோ, புடவை மாட்டிக்கிச்சு!

— கிழிங்க!

— கம்பெனிப் புடவைடா!

— கிழிங்கக்கா!

— கிழிச்சாச்சு! கையைக் கொடு. குதி... குதிடா!

— அம்மாடியோவ்!

— தம்பி? உசுரு இருக்கா?

— இருக்குக்கா. வண்டிதான் போயிடுச்சு.

— என் வேஷமும்தான். நல்லா முடிச்சுக் கொடுத்தேன் போ. அதோ, மைக்காரன் ஓடி வர்றான். வா ராசா, வா. உன் பங்குக்கு நீயும் திட்டிட்டுப் போ.

— மேடம்! அடி பட்டுச்சா மேடம்?

— மேடமா? தம்பி, இவனுக்குத்தான் எங்கேயோ அடி பட்டிருக்கு.

— டைரக்டர் கடைசிவரைக்கும் கட் சொல்லலை மேடம். எல்லாம் பதிவாயிடுச்சு. கடைக்காரம்மா வேஷத்தை வேற ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிட்டாரு.

— தெரியும். வழியை விடு.

— முழுசாக் கேளுங்க! பயணிகளைக் கொல்றது யாருன்னு கதையில இன்னும் முடிவாகலை. செத்த பொம்பளை கண்ணாடியை உடைச்சுக்கிட்டு ரத்தமும் கந்தலுமா வந்ததைப் பார்த்தாரு, சந்தோஷத்துல குதிச்சுட்டாரு. இனிமே பேய் நீங்கதான்! படம் முழுக்க வர்றீங்க!

— பேய்னா... பேசுமா?

— நாலு பக்கம் வசனம் எழுதிட்டு இருக்காரு. பன்னெண்டு பேரையும் நீங்கதான் தீர்த்துக் கட்டணும்.

— அப்படியா சேதி? முதல் ஆளை வரச் சொல்லு.