படத்தின் கீழே உள்ள பெயர்

கண்டியில் படம் எடுப்பதற்கு நல்ல மாதம் பெப்ரவரி. ஜனவரியில் மழை முழுதாக விட்டிருக்காது. மார்ச் வந்தால் வெயில் சுவர்களையெல்லாம் வெளிறச் செய்துவிடும். பெப்ரவரியில்தான் காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் பனி விலகி, வெளிச்சம் சாய்வாக விழும். இரும்பில் இருக்கும் துருவும் மரத்தில் இருக்கும் ரேகையும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். நான் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

என் வாக்குமூலத்தை நீங்கள் எழுதிக்கொள்ளலாம் ஐயா, நான் மெதுவாகவே சொல்கிறேன். பெயர் கிறகரி. வயது ஐம்பத்திரண்டு. அரசாங்கத் திணைக்களமொன்றில் படவரைஞராக இருபத்து நான்கு வருடங்கள் வேலை. மனைவி கிறேஸ். பிள்ளைகள் இல்லை. யாரோடும் எனக்குச் சண்டை சச்சரவு இருந்ததில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் தெருவில் கடைகள் எரிந்தபோதுகூட எங்கள் வீட்டைச் சிங்கள அயலவர்களே காப்பாற்றினார்கள். அவ்வளவு நல்ல பெயர் எங்களுக்கு.

இரண்டாயிரத்து ஐந்தில் வீட்டுக்கு இன்ரநெற் எடுத்தேன். அந்த வருடமே அந்தத் தளத்தில் சேர்ந்தேன். வடிவமைப்பை நேசிப்பவர்கள் படங்களைப் பகிர்கிற இடம் அது. கதவு, ஓடு, கதிரைக் கால், கடைப் பலகையின் எழுத்து, தேநீர்க் கோப்பையின் பிடி, இப்படியான சாமான்களை மட்டும் எடுத்துப் போடுவார்கள். போர்த்துக்கலில் ஓடு பதிக்கும் பெண் ஒருத்தி, பின்லாந்தில் நாற்காலி செய்யும் கிழவர் ஒருவர், இப்படி உலகெங்கும் ஆட்கள். யாரும் சொந்தப் பெயர் வைப்பதில்லை. என் பெயர் அங்கே ஹந்தானை, கண்டிக்கு மேலே இருக்கிற மலையின் பெயர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு படத்தைத் தெரிந்தெடுத்து முதற்பக்கத்தில் போடுவார்கள். மூன்று வருடங்களில் நான் முந்நூறு படங்களுக்கு மேல் போட்டேன். ஒன்றுகூட முதற்பக்கத்துக்குப் போகவில்லை. எனக்கு அது பெரிய கவலையில்லை.

இரண்டாயிரத்து ஆறின் கடைசியில் தாழ்ப்பாள் என்ற பெயரில் ஒருவர் வந்தார். முதற்படமே ஒரு தாழ்ப்பாள்தான். திறந்து மூடி, திறந்து மூடி, கதவின் பச்சைப் பெயின்ற்றில் அரைவட்டமாக ஒரு கோடு விழுந்திருந்தது. வேறொன்றும் இல்லை. அது முதற்பக்கத்துக்குப் போனது. அதற்குப் பிறகு அவருடைய படங்கள் அடிக்கடி போயின. நானும் பாராட்டி எழுதினேன். எல்லோரும் எழுதினார்கள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை முதற்பக்கத்தைத் திறந்தேன். அதில் தாழ்ப்பாள் எடுத்த படம், ஒரு மேசையின் ஓரம். வார்னிஷ் தேய்ந்து, முட்டை வடிவத்தில் வெளுத்த ஓர் இடம். கொஞ்ச நேரம் எடுத்தது, அது என் மேசை என்று தெரிவதற்கு. நான் வேலை செய்யும் கந்தோரில் என் இடது முழங்கை வைக்கும் இடம். நான் இருபத்திரண்டு வருடங்களாக அதில் கையை ஊன்றியிருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை.

எங்கள் பிரிவில் அப்போது என்னைத் தவிர கமெரா வைத்திருந்தது யோகேந்திரன் மட்டும்தான். யாழ்ப்பாணத்துப் பெடியன், இருபத்தொன்பது வயது. மாற்றலாகி வந்த மாதத்திலேயே யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். திரும்பிப் போக வழியில்லாமல் கட்டுகலையில் ருக்கியா உம்மாவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். நான் பகல் சாப்பாட்டுக்கு எழுந்து போன நேரத்தில் எடுத்திருக்கிறான். நான் அதைப்பற்றி அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அவனாகத்தான் ஒருநாள் வந்தான்.

"அண்ணை, உங்கட வீட்டில இன்ரநெற் இருக்காம். வெள்ளிக்கிழமையில ஒருக்கா வந்து படம் ஏத்தட்டே? இன்ரநெற் கடையளில ஐடென்டிற்றி கேக்கிறாங்கள். யாழ்ப்பாண விலாசத்தைக் கண்டா ஒரு மாதிரிப் பாக்கிறாங்கள்."

"தாராளமா வாங்க தம்பி," என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஐந்து மணிக்கு என்னோடு வீட்டுக்கு வருவான். கிறேஸ் கேக்கும் தேநீரும் வைப்பாள். அவளுக்கு அவனை மிகவும் பிடிக்கும். அவனுடைய படங்கள் எல்லாம் என் கணினியில்தான் இருந்தன, அவனிடம் கணினி இல்லை. கடவுச்சொல்லையும் அதிலேயே சேமித்து வைத்தான். நான்தான் ஹந்தானை என்று அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

படம் ஏன் வெள்ளிக்கிழமை தவறாமல் போடுகிறான் என்று கிறேஸ் ஒருநாள் அவனிடமே கேட்டாள்.

"அக்காவுக்காகத்தான். போன் எடுக்கிறது கஷ்டம் தானே. அவ சனிக்கிழமையில டவுனுக்கு வந்து பாப்பா. புதுப்படம் கிடந்தா தம்பி சுகமா இருக்கிறான் எண்டு அர்த்தம்."

அக்கா பெயர் மங்களேஸ்வரி. தாய் தகப்பன் இல்லை. அவள்தான் வளர்த்தவள்.

இரண்டாயிரத்து எட்டு ஜனவரியில், அந்தத் தளத்தில் இன்னுமொரு கண்டிக்காரர் இருக்கிறார் என்று அவன் என்னிடமே சொன்னான். திரையில் என் படங்களைத் திறந்து காட்டினான்.

"ஹந்தானை எண்டு ஒராள் அண்ணை. கை நல்ல நேர்த்தியான கை. கோடு எல்லாம் நேர். வெளிச்சம் எல்லாம் சரி. ஆனா ஆள் ஒண்டையும் பாக்கேல்ல. பாவம்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையிலேயே இரங்கித்தான் சொன்னான். நான் அவன் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தேன்.

அடுத்த வாரம் ஹந்தானை என்ற பெயரில் தாழ்ப்பாளுக்கு ஒரு குறிப்பு எழுதினேன். மகாவலிக்கு மேலே போகும் பழைய இரும்புப் பாலத்தைப் பற்றி. தகடுகளைப் பிணைத்திருக்கும் ஆணிகளின் உருண்டைத் தலைகள், பெப்ரவரிக் காலை வெளிச்சத்தில் எவ்வளவு அழகாக இருக்கும் என்று. அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. நீங்களும் போய்ப் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை அவன் என்னிடம் சொன்னான்: "நாளைக்கு விடிய பாலத்தடிக்குப் போறன் அண்ணை. அந்த ஹந்தானை நல்ல இடமொண்டு சொல்லியிருக்கிறார்."

"கவனமா போங்க," என்றேன்.

அந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். கொழும்பில் பஸ்ஸில் குண்டு, தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு. சந்தேகமான ஆட்களைக் கண்டால் அறிவியுங்கள் என்று குட்ஷெட் பஸ் நிலையத்தில்கூட ஒரு தொலைபேசி எண் ஒட்டியிருந்தது. அது எல்லாப் பிரசைகளுக்கும் போட்ட எண். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு கடையிலிருந்து அந்த எண்ணுக்கு எடுத்தேன். சிங்களத்தில் பேசினேன். யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் பாலத்தின் ஆணிகளைக் கிட்டப் போய்ப் படம் எடுக்கிறார் என்றேன். அதிலும் ஒரு வார்த்தை பொய்யில்லை. கமெராவைப் பறித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். கமெரா போனால் போதும் என்று இருந்தது.

பிறகு பாலத்தின் இந்தப் பக்கத்துத் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தேன். என்னுடைய கமெராவும் பையில் இருந்தது. நான் எங்கே போனாலும் கொண்டுபோவேன். இலக்கத்தகடு இல்லாத வாகனம் ஒன்று வந்தது. சாதாரண உடுப்பில் இரண்டு பேர். அவன் கந்தோர் அட்டையை எடுத்துக் காட்டினான். பிறகு ஆணிகளைக் காட்டினான். தொலைவில் பேச்சு கேட்கவில்லை, ஆனால் கை அசைவில் விளங்கியது: அவற்றின் அழகை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். ஒருவன் குனிந்துகூடப் பார்த்தான்.

தோளில் கை வைத்தபோதுதான் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். சுற்றிப் பார்த்தான். என்னைக் கண்டான். அவன் முகத்தில் வந்த நிம்மதியை நான் இப்போதும் காண்கிறேன் ஐயா. கண்ணாடியில் முகம் வழிக்கும்போது காண்கிறேன்.

"கிறகரி அண்ணை!" என்று கூப்பிட்டான். என்னைக் கைகாட்டி அவர்களிடம் ஏதோ சொன்னான். இவர் என்னோடு வேலை செய்பவர், கேட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருப்பான்.

அவர்களில் ஒருவன் நாலைந்து அடி நடந்து வந்து என்னைப் பார்த்தான். "மெயாவ தன்னவாத?" என்று கேட்டான். இவரைத் தெரியுமா என்று.

நான் தலையை இருபக்கமும் அசைத்தேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

வாகனம் போன பிறகு கடைக்காரர் சின்னமுத்து கிளாஸ்களைக் கழுவினார். நான் பாலத்துக்கு நடந்தேன். ஓரப் பலகையில் ஒரு செருப்புக் கிடந்தது. இடது கால். வெளிச்சம் அதன்மேல் சாய்வாக விழுந்திருந்தது. நான்கு படங்கள் எடுத்தேன். மூன்றாவது சரியாக வந்தது.

மூன்றாம் நாள் ருக்கியா உம்மா கந்தோருக்கு வந்தார். "அந்தப் புள்ள மூணு நாளா வரல்ல மாஸ்டர். உடுப்பெல்லாம் அப்படியே கெடக்கு. பொலிசுக்குச் சொல்லவா?"

"வேண்டாம் உம்மா," என்றேன். "அவர் வெளிநாடு போக ஏஜென்சிக்காரரோட கொழும்புக்குப் போயிட்டார். நீங்க சொல்லப் போனா, அறை குடுத்த உங்களத்தான் கேள்வி கேப்பாங்க."

அந்த மனுஷிக்கு இரண்டு குமர்ப் பிள்ளைகள். பயந்துபோய் அவனுடைய பெட்டியை என்னிடமே கொண்டுவந்து தந்தார். கந்தோரில் அவன் வேலையை விட்டுப் போனதாக எழுதினார்கள். கிறேஸிடமும் வெளிநாடு என்றே சொன்னேன். சொல்லாமல் போய்விட்டானே என்று அழுதாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு என் கணினியைத் திறந்தேன். மறுநாள் அந்த அக்கா டவுனுக்கு வந்து பார்ப்பாளே என்று நினைத்தேன். அவனுடைய படங்கள் எழுபதுக்கு மேல் போடாமல் இருந்தன. ஒன்றைப் போட்டேன். சனிக்கிழமை தளத்தின் வழியாக அவளிடமிருந்து கடிதம் வந்தது: சுகமா, சாப்பிட்டியா, மழையில நனையாத. சுகம் அக்கா, யோசிக்காதேங்கோ, என்று எழுதினேன்.

இதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். காணாமல்போனவர்களின் பட்டியல்களில் யோகேந்திரனின் பெயரை நீங்கள் தேடினீர்கள், இல்லை. எங்கேயும் இல்லை. முறைப்பாடு செய்ய ஆளில்லை, ஏனென்றால் அவன் இருக்கிறான் என்று அவனுடைய ஒரே சொந்தம் நம்பியது. எத்தனை தாய்மார் படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். இந்தப் பெண்ணுக்கு அந்தத் துன்பம் இல்லாமல் ஒன்றரை வருடம் நான் பார்த்துக்கொண்டேன்.

அது இலகுவான வேலை இல்லை. அவனைப்போல எழுத வேண்டும். எழுதி எழுதி வீட்டிலும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. கிறேஸ் தேநீர் வேண்டுமா என்று கேட்டால் யாழ்ப்பாணத்தாரைப்போல ஓம் என்பேன். ஒருநாள் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஏன் அந்தத் தம்பி மாதிரிப் பேசுறீங்க? எனக்குப் பயமா இருக்கு."

வெள்ளிக்கிழமைகளில் ஐந்து மணியாகும்போது வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்கும். நான் எழுந்து போய்ப் பார்ப்பேன். படலை மூடித்தான் இருக்கும். பிறகு வந்து உட்கார்ந்து அவனுடைய அடுத்த படத்தைத் திறப்பேன். ஒரு தகரப் பேணியின் வாய், ஒரு ஜன்னல் கொளுக்கி, வெறும் கயிறு. பார்த்துக்கொண்டே இருப்பேன். அவன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல இருக்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

யுத்தம் முடிந்தது. போன மாதத்தோடு அவனுடைய படங்களும் முடிந்தன. பாதை திறக்கப்போகுது, உன்னைப் பாக்க வாறன் என்று அக்கா எழுதிவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை போடுவதற்கு ஒன்றும் இல்லை. அப்போதுதான் பாலத்தில் எடுத்த படம் நினைவுக்கு வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அதைத் திறக்கவில்லை. திறந்து பார்த்தேன். பலகையின் ரேகை, துரு, செருப்பின் குழியில் குதிக்காலின் தடம், வாரில் சின்னதாக ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பு இல்லாவிட்டால் படமே இல்லை. அவனுடைய பக்கத்தில் அதைப் போட்டேன்.

மறுநாள் அக்காவின் கடிதம் வந்தது. அதில் சுகமா என்று கேட்கவில்லை.

இது என்ர தம்பியின்ர செருப்பு. வார் அறுந்தபோது சிவப்பு நூலால தைச்சுக் குடுத்தது நான். இந்தப் படத்தை எடுத்தது ஆர்? நீங்கள் ஆர்?

அவள் பாதை திறக்கும்வரை காத்திருக்கவில்லை. கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். ருக்கியா உம்மாவின் வீட்டுக்கும் போயிருக்கிறாள், கந்தோருக்கும் வந்தாள். இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வெளியே வாங்குப் பலகையில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பவள் அவள்தான். உள்ளே வரும்போது கண்டேன். அவளைக் கண்டு பயந்து நான் இங்கே வந்ததாக நீங்கள் நினைக்கலாம். அப்படியில்லை. நான் மறைந்து வாழ்கிற ஆள் இல்லை. போன வெள்ளிக்கிழமை நடந்ததால்தான் வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் படத்தை முதற்பக்கத்தில் போட்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல் விரும்பியிருந்தார்கள். தாழ்ப்பாள் இதுவரை எடுத்தவற்றில் இதுதான் சிறந்தது என்று பின்லாந்துக் கிழவர் எழுதியிருந்தார். போர்த்துக்கல் பெண் தான் அழுததாக எழுதியிருந்தாள். அழித்துவிட்டு என் பெயரில் போடலாம், ஆனால் முதற்பக்கம் போய்விடும். ஆகவே தளத்தை நடத்துபவர்களுக்கு ஆங்கிலத்தில் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். அந்தப் பக்கத்துக்கு உரியவர் ஒப்புக்கொண்டால் பெயரை மாற்றலாம் என்று பதில் வந்தது. அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது ஐயா. அது உங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும்.

நான் சொன்னதெல்லாம் உண்மை. எங்கே கையெழுத்து வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன். பாலத்தைப் பற்றிச் சொன்னவன் நான், தொலைபேசி எடுத்தவன் நான், தெரியாது என்று தலையசைத்தவன் நான். அதை மேலே தெளிவாக எழுதி, திகதியும் நேரமும் போட்டு, முத்திரை குத்தி ஒரு பிரதி எனக்குத் தாருங்கள். அன்று காலை எட்டு மணிக்கு அந்தப் பாலத்தில் கமெராவோடு நின்றது யார் என்று தளத்தை நடத்துபவர்கள் அதைப் பார்த்தால் விளங்கிக்கொள்வார்கள். அந்தப் படம் நான் எடுத்தது.