ஊதி அணைத்த மெழுகுவத்தி

— கோதுமையை நான் கிண்டறேன், நீங்க உக்காருங்க அண்ணி. விடிஞ்சதுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க.

— இருக்கட்டும். செத்துப்போன என் புருஷனுக்குப் படைக்கிறது, நானே கிண்டறேன். நீ விஷயத்தைச் சொல்லு மிர்ச்சா. முதலாளி எதுக்குக் கூப்பிட்டாரு?

— நாளைக்குத் தொழிலாளர் ஆய்வாளர் வர்றாராம். தனாசே அண்ணன் குடிச்சிட்டுத்தான் சாணிக்குழியில இறங்குனாருன்னு நான் சொல்லணுமாம். சொன்னா இங்க டென்மார்க்லயே வேலை நிலைக்குமாம். இல்லேன்னா நம்ம ருமேனியாவுக்கே பஸ் ஏத்திருவாராம்.

— அவரா குடிச்சாரு? ஈஸ்டர் அன்னிக்கே ஒரு கிளாஸோட நிறுத்திக்கிற மனுஷன்! நீ என்ன சொன்னே?

— யோசிக்கிறேன்னேன்.

— இதுல என்னடா யோசனை? பன்னிக் கொட்டகைக் காத்தாடி குளிர்காலத்துலயே நின்னு போச்சு. காத்தாடி இல்லாம குழியைக் கலக்குனா விஷவாயு கிளம்பும், ஆளு செத்துருவான்னு முதலாளி வாசல்ல நான் கத்தாத நாள் உண்டா? ‘காத்தாடிக்காரி’ன்னு எனக்குப் பேரே வச்சீங்க.

— வச்சோம். நானும்தான் சிரிச்சேன்.

— அப்ப நாளைக்கு எங்கூட வந்து நில்லு. காத்தாடி ஓடலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. இனி அடைப்பெடுக்க இன்னொருத்தன் அதே குழிக்குத்தானே போகணும்?

— உங்ககூடயா? எப்படி நிப்பேன், சொல்லுங்க. நம்மூர்ல பரம எதிரியா இருந்தாலும் சாகிறவன் கையில மெழுகுவத்தி கொடுப்பாங்க. வெளிச்சமில்லாமப் போனா உசிரு இருட்டுலயே அலையும்னு உங்களுக்குத் தெரியாதா? அண்ணன் விழுந்துட்டான்னதும் ஏத்திக்கிட்டு ஓடி வந்தேன். கதவுல மறிச்சு ஊதி அணைச்சீங்களே, பாவி! கையில வெளிச்சம் இருந்துச்சாடான்னு அம்மா போன்ல அழுவுறா. நான் என்னத்தச் சொல்ல?

— அந்த வாயுல நெருப்புப் பட்டா கொட்டகையே வெடிச்சிருக்கும். உன் பின்னாடி ஓடி வந்த அத்தனை பேரும் போயிருப்பாங்க. ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் இறங்காதே, முகமூடியோட தீயணைப்புக்காரங்க வரட்டும்னு எத்தனை தடவை தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்!

— எல்லாம் புரியுது. மனசுதான் கேக்கலை. செத்துப் போனவனுக்கு ஒரு வெளிச்சம் காட்ட விடலையே நீங்க! கல்லு மனசு அண்ணி உங்களுக்கு.

— செத்துப் போனவரா? நீ வந்தப்போ உன் அண்ணனுக்கு உசிரு இருந்துச்சு மிர்ச்சா. என்னைப் பார்த்துக் கையை நீட்டுனாரு. அதைப் பார்த்துட்டேதான் ஊதுனேன்.